விற்ற வண்டியைத் தேடிப் போகலாமா, விட்டுவிடலாமா?

பழையசாவி (கேள்வி)

வணக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் என் புல்லட் 350 வண்டியை விற்றேன். வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கும் பழைய வகை அது. பதினான்கு ஆண்டுகள் என்னிடம் இருந்தது. விற்றதற்கான காரணங்கள் அன்றும் சரியானவை, இன்று எண்ணிப் பார்த்தாலும் சரியானவைதான். குழந்தை பிறந்திருந்தது, பணியிட மாற்றம் வந்திருந்தது, புதிய வீட்டில் மழை படாமல் வண்டியை நிறுத்த இடமில்லை, கையிலும் பணம் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விலையிலும் நான் ஏமாறவில்லை. வாங்கியவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். அப்படியிருந்தும் இந்த ஏழு ஆண்டுகளில் அந்த வண்டியை நினைக்காமல் கழிந்த வாரம் ஒன்றுகூட இல்லை.

எதை நினைக்கிறேன் என்பதைச் சரியாகச் சொன்னால்தான் உங்களால் பதில் சொல்ல முடியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நெடுந்தூரப் பயணங்களோ, வண்டியின் தோற்றமோ எனக்கு அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அதைக் கிளப்பும் முறைதான் நினைவுக்கு வருகிறது. சாவியைத் திருப்பியவுடன் அந்த வண்டியை உதைக்கக் கூடாது. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே முகப்பு விளக்குக்கு மேலிருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரைப் பார்க்க வேண்டும். பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாயும். பாயின்ட் திறக்கும் இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நிறுத்தி, சிலிண்டருக்குள் இறுகிய காற்றை வெளிவிடும் டீகம்ப்ரஷன் லீவரை இடது கை விரலால் இழுத்து, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும் அளவுக்குக் கிக்கரை மயிரிழை இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகு உடம்பின் முழு எடையையும் கொடுத்து ஒரே உதை உதைக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் உதைப்பவரின் காலை அது திருப்பி அடிக்கும். என் தந்தை எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அரை மணி நேரம் முயன்று கிளப்பினேன். சில ஆண்டுகளில் இருட்டில், முள்ளைப் பார்க்காமலேயே, காலுக்குக் கீழே வரும் இறுக்கத்தை வைத்தே அந்த இடம் எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் ஓட்டும் வண்டி ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் போக்குவரத்து விளக்கில் நின்று கிளம்பும்போது என் வலது பாதம் இன்றும் மேல்நோக்கித் தூக்குகிறது. பழைய வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கற்றுக்கொண்டது எல்லாம் உடம்பில் அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் வண்டி இல்லை. வருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

விற்ற அன்று எல்லாம் இருபது நிமிடங்களில் முடிந்துவிட்டது. கையெழுத்துகள் போட்டோம், பணத்தை எண்ணினோம். வாங்கியவர் இரண்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை. நான் கிளப்பிக் கொடுத்தேன். அவர் தெருமுனையில் திரும்பும்போது இரண்டாவது கியருக்குப் பதில் நியூட்ரலில் விழுந்து எஞ்சின் வீணாக அலறியது கேட்டது. அதன் பிறகு ஒலி இல்லை. இரவு மேசை இழுப்பறையைத் திறந்தபோது அந்த வண்டிக்காக நான் எழுதி வந்த நோட்டு உள்ளே கிடந்தது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்தேன், பாயின்ட் இடைவெளி என்ன வைத்தேன், எந்தக் கேபிள் எப்போது அறுந்தது என்று பதினான்கு ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. கொடுக்க மறந்துவிட்டேன். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

வண்டியின் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் என்னிடம் உள்ளன. இப்போது என் நிலைமை மேம்பட்டிருக்கிறது, நிறுத்த இடமும் இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்துத் திரும்ப வாங்க முயல்வது சரியா? அல்லது அதே வகையில் வேறொரு வண்டியை வாங்கிக்கொள்வது போதுமா? இப்படிப்பட்ட வருத்தத்தோடு இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மூன்றாம்கியர்

நான் அதைச் செய்து பார்த்தவன் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், ரீட் வால்வு வைத்த எஞ்சின். 1985 முதல் 1996 வரைதான் அந்த வண்டி தயாரானது. அதனால் இன்று சாலையில் இருக்கும் எதுவும் கால் நூற்றாண்டைத் தாண்டியது. என்னுடையதை விற்று ஆறு ஆண்டுகள் கழித்து, மூன்று கை மாறியிருந்த அதே வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கினேன். பார்த்த உடனே வாங்கிவிட்டதுதான் நான் செய்த பிழை. பெட்ரோல் டேங்க்கின் அடிப்பகுதியில் நான் போட்ட ஒரு சிறு நசுங்கல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்ததும் வேறெதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து சிலிண்டரைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. நடுவில் வைத்திருந்த யாரோ வேகம் கூட்டுவதற்காகப் போர்ட்டுகளை, அதாவது சிலிண்டர்ச் சுவரில் வாயு போய்வரும் துளைகளை, அரம் கொண்டு ராவியிருந்தார்கள். சைலன்சரை மாற்றலாம், கார்புரேட்டரை மாற்றலாம், வண்ணத்தைக்கூடப் பழையபடி அடித்துவிடலாம். ஆனால் ராவி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தத் துளைகளின் உயரமும் வடிவமும்தான் வண்டியின் சுபாவம். எந்தச் சுற்றில் இழுவை வரும், மூன்றாவது கியரில் மேட்டில் எப்படி ஏறும் என்பதையெல்லாம் அவையே தீர்மானிக்கின்றன. நான் தேடியது குறைந்த சுற்றிலிருந்தே துள்ளி எழும் அந்த இழுவை. கையில் கிடைத்ததோ கீழே சோர்ந்து, மேலே மட்டும் கத்தும் வேறொரு எஞ்சின். நல்ல நிலையில் இன்னொரு சிலிண்டரைத் தேடிப் பொருத்தவே பதினொரு மாதங்கள் ஆயின.

இப்போது அது நன்றாக ஓடுகிறது, ஓட்டும்போது மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன். வாங்கியதற்காக வருந்தவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: திரும்பி வருவது நீங்கள் விற்ற வண்டி அல்ல, உங்களுக்குப் பிறகு மற்றவர்கள் ஓட்டிய வண்டி. அதனால் கண்ணீரோடு போய் நிற்காமல், முன்பின் தெரியாத வண்டியைப் பார்ப்பது போலப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் சேஸியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா, எஞ்சின் எண்ணைச் சுற்றி ராவிய தடம் இருக்கிறதா, சட்டத்தில் புதிய வெல்டிங் தெரிகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். எஞ்சினே மாற்றப்பட்டிருந்தால் நீங்கள் காலில் நினைவு வைத்திருக்கும் அந்த இறுக்கம் அதில் இருக்காது. உங்களைப் பொறுத்தவரை அது வேறு வண்டிதான்.

நீலக்கதவு

நான் விற்காமல் வைத்திருந்தவள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பாவின் கார் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழையது. காலையில் சோக் குமிழை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். குளிரெடுத்த எஞ்சின் சற்றே சூடானதும் அப்பா அந்தக் குமிழை விரலால் தட்டித் தட்டி மூன்று தவணையாக உள்ளே தள்ளுவார். நாங்கள் பின்னிருக்கையில் அதை எண்ணிக்கொண்டிருப்போம். அவர் போன பிறகு அதை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் வண்டியை அறிந்தவர், நன்றாக வைத்துக்கொண்டிருப்பார். நான் மறுத்தேன். அப்பாவின் பொருளை விற்பதா என்ற எண்ணம்தான். கொட்டகையில் நிறுத்தி உறை போட்டு மூடினேன்.

எட்டு ஆண்டுகள் நின்றது. முதல் ஆண்டில் மாதம் ஒரு முறை கிளப்பினேன். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையானது, அதற்குப் பிறகு பேட்டரி இறங்கிவிட்டது. நிற்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து மீளாது என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மெக்கானிக்கை அழைத்து வந்தபோது அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி அரக்குப் போல் படிந்திருந்தது, ஜெட்டுகள் அடைத்துப்போயிருந்தன. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரத்தில் சக்கரச் சிலிண்டர்கள் துருவேறி இறுகிவிட்டிருந்தன. கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எலிகள் வயர்களைக் கடித்திருந்தன. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் நான்கு டயர்களும் தட்டையாகியிருந்தன. அடித்தளத்தை அவர் திருப்புளியால் குத்தியபோது அது உள்ளே போய்விட்டது. அந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கார் பழைய இரும்பாகத்தான் போனது. ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் அன்று கொடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் எங்கோ ஒரு தெருவில் யாரோ ஒருவர் காலையில் அந்தச் சோக்கை இழுத்திருப்பார். நான் பாசத்தால் செய்தது அந்த வண்டிக்கு நன்மையாக முடியவில்லை. உங்களுக்கு அந்தச் சூழ்நிலையில் மழை படாத இடம் இல்லை, பணமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விற்காமல் வைத்திருந்தால் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் ஏழு மழைக்காலம் நனைந்திருக்கும், அதையும் நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கும். விற்றதற்காக மட்டும் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

நடுவரி

நீலக்கதவு அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் சொல்ல வந்தது வேறு கோணம்.

நம்மிடம் இருக்கும் பொருளுக்கு, அது நம்முடையது என்ற ஒரே காரணத்தால் மனம் கூடுதல் மதிப்பு வைக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் குவளைகளைக் கொடுத்துவிட்டு, விற்க என்ன கேட்பீர்கள் என்று அவர்களிடமும், வாங்க என்ன தருவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். குவளையைச் சில நிமிடங்களே வைத்திருந்தவர்கள்கூட வாங்குபவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். சில நிமிடக் குவளைக்கே இப்படி என்றால் பதினான்கு ஆண்டு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இப்போதைய உரிமையாளரிடம் பேரம் பேசப் போனால் இது நினைவில் இருக்கட்டும்: அவருக்கும் அந்த வண்டி இப்போது தன்னுடையது.

ஆனால் உங்கள் வருத்தத்தை இது முழுதாக விளக்கவில்லை. வருத்தத்தைப் பற்றித் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1995-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு கருத்து இருக்கிறது. செய்துவிட்ட செயல்கள் உடனடியாக அதிகம் வலிக்கின்றன. காலம் நீள நீள, செய்யாமல் விட்டவைதான் அதிகம் உறுத்துகின்றன. விற்றது ஒரு செயல். அதன் வலி பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அடங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு ஏழு ஆண்டுகளாகியும் அடங்கவில்லை. அப்படியென்றால் இதில் செய்யாமல் விட்ட ஒன்று கலந்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். வாங்கியவர் இரண்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை, நீங்கள் கிளப்பிக் கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கிளப்புவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக எழுதவில்லை. நோட்டும் உங்களிடமே இருக்கிறது.

நான் தவறாகப் படித்திருந்தால் மன்னியுங்கள்.

பழையசாவி

தவறாகப் படிக்கவில்லை. சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. அவர் அவசரத்தில் இருந்தார் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் இருந்தது நான்தான். அந்த முள்ளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாவியைக் கொடுக்க மனம் வராது என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன். இதை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

மூன்றாவதுசிலிண்டர்

பழையசாவி ஐயா, நான் வாங்கியவன். ஒருவர் உயிராக வைத்திருந்த வண்டியை அவரிடமிருந்து வாங்கி இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1967-ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் பீட்டில். 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் தயாராகியிருந்த கார் அது. அரிய பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை எனக்கு விற்ற பெரியவர் அரை நாள் என்னை விடவில்லை. பணத்தை வாங்கிப் பையில் வைத்த பிறகு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். வால்வு இடைவெளி பார்ப்பது எப்படி என்று என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். இந்த எஞ்சின் காற்றால் குளிர்வது, ஆயில் கூலர் காற்றுப் பாதைக்குள்ளேயே நிற்பதால் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்று குறைந்து சூடாகத்தான் போகும், ஆகையால் எப்போது பார்த்தாலும் மூன்றாவது சிலிண்டரின் வெளியேற்று வால்வை முதலில் பார், அங்கே இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது என்று பொருள், அது ஒடிவதற்கு முன் எனக்குச் சொல் என்றார். தடிமன் பார்க்கும் தகடுகளில் 0.15 மில்லிமீட்டர்த் தகட்டை மட்டும் தனியே எடுத்து, முனையில் சிவப்பு நூல் கட்டி, அதையும் கொடுத்தார். பிறகு என்னை ஓட்டவிட்டு, தான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஊர் எல்லை வரை வந்து இறங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இரண்டாம் ஆண்டு அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலைக் கேட்டதும் எனக்கு அச்சமாகிவிட்டது. வண்டியைத் திரும்பக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், என்ன சொல்லி மறுப்பது என்று அவர் பேசும்போதே மனத்துக்குள் வாக்கியம் தேடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: மூன்றாவது எப்படி இருக்கிறது? அன்றுதான் நான் அளந்து பார்த்தேன், இடைவெளி பாதியாகியிருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வை மாற்றினோம். அவர் கேட்டிருக்காவிட்டால் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் அந்த எஞ்சின் உடைந்திருக்கும்.

ஆகவே, நீங்கள் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் இப்போதைய உரிமையாளர் கிடைத்தால் முதல் வாக்கியத்திலேயே வண்டியைத் திரும்பக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்காத வரை அவர் காதில் வேறு எதுவும் விழாது. அதன் பிறகு நோட்டு இருக்கிறது என்று சொல்லுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவனுக்குப் பதினான்கு ஆண்டுக் கைக்குறிப்பு எவ்வளவு பெரியது என்று விற்றவர்களுக்குத் தெரிவதில்லை. எந்தப் போல்ட்டின் மரை போயிருக்கிறது, எது முன்பு ஒரு முறை கழன்றது என்று நாங்கள் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறோம். பின்னொரு நாள் அவர் விற்க நினைத்தால் முதலில் உங்களைத்தான் அழைப்பார். நினைக்காவிட்டாலும் குறையில்லை.

மூன்றாம்கியர்

நான் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. என் வண்டியைத் திரும்ப வாங்கப் போனபோது நான் முதலில் சொன்னது "இது என் வண்டி" என்பது. வைத்திருந்த பையனின் முகம் சுருங்கியது இப்போது நினைவுக்கு வருகிறது.

தேடும் முறையைப் பற்றி ஒரு சொல். பதிவெண் மாறலாம், நிறம் மாறலாம்; சேஸி எண் மாறாது. புதிய வண்டிகளில் அது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், பழையவற்றில் குறைவாக இருக்கலாம். ஆனால் எண்ணை வைத்து அலுவலகப் பதிவேடுகளில் தேடுவதைவிட மனிதர்களை வைத்துத் தேடுவது விரைவாக முடியும். உங்களிடமிருந்து வாங்கியவரை அழைத்து அவர் யாருக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள், அடுத்தவரிடம் அதையே கேளுங்கள். சேஸி எண்ணைக் கடைசியில், நேரில் பார்க்கும்போது சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பொதுவெளியில் எழுத வேண்டாம்.

நீலக்கதவு

நோட்டை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கையெழுத்தில் ஒரு பெட்ரோல் கணக்குச் சீட்டுக்கூட எங்களிடம் மிஞ்சவில்லை.

பழையசாவி

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி.

என்னிடம் வாங்கியவர் இரண்டே ஆண்டுகளில் விற்றுவிட்டாராம். காரணம் கேட்டேன். கிளப்புவதற்கு மிகவும் கடினமாக இருந்தது, ஒரு முறை கணுக்காலில் அடித்து மூன்று வாரம் நடக்க முடியவில்லை என்றார். அவர் என்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்குத் தலை நிமிர்த்திப் பேச முடியவில்லை. முள்ளைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் அந்தக் கணுக்காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரின் எண்ணைக் கொடுத்தார். அவரிடமிருந்து இன்னொருவர். இப்போது வைத்திருப்பவர் இருபத்து நான்கு வயது இளைஞர்.

முதல் வாக்கியத்திலேயே, தம்பி, வண்டியைத் திரும்பக் கேட்க நான் அழைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அவரே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வண்டி நான்கு மாதங்களாக அதிகம் ஓடவில்லை என்றும், உதைத்து உதைத்துச் சலித்துவிட்டதாகவும், சுய ஸ்டார்ட்டர் பொருத்த முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஆம்மீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டேன். வேலை செய்கிறது, ஆனால் அது பேட்டரிக்காக வைத்தது அல்லவா என்றார்.

நேற்று மாலை அவர் தொலைபேசியைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்துவிட்டு நான் சொல்வதைச் செய்தார். முதலில் பாயின்ட்டைத் துடைத்து இடைவெளி பார்க்கச் சொன்னேன், மிகவும் குறைந்திருந்தது. 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன், என் நோட்டிலும் அந்த எண்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பிறகு கிக்கரை மெதுவாக இறக்கச் சொன்னேன். என் கண்ணெதிரே எதுவும் இல்லை, ஆனால் என் வலது கால் மேசைக்கு அடியில் தானாக அழுந்தியது. "சார், முள் நடுவுக்கு வந்துவிட்டது" என்றார். லீவரை இழுக்கச் சொன்னேன், மயிரிழை இறக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். முதல் உதை பிடிக்கவில்லை. இரண்டாவது உதையில் ஒரு முறை இருமியது. மூன்றாவதில் கிளம்பிவிட்டது.

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விடச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே அடி, அதே இடைவெளி. ஆனால் அடிக்கு நடுவே மெல்லிய ஒரு தட்டல் ஒலி இருந்தது, அது என் காலத்தில் இல்லை. ஒரு டேப்பெட் தளர்ந்திருக்கிறது. சிலிண்டருக்கு அடியில் வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ்ராடுகளை இரண்டு விரலால் சுழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இரவே செய்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், எஞ்சின் முழுவதும் ஆற வேண்டும், காலையில் எழுந்ததும் கிளப்புவதற்கு முன்னால் பாருங்கள், நான் தொலைபேசியில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.